அன்னபூர்ணாவைச் சுற்றி வர ஒரு திட்டம்: பெசிசஹரிலிருந்து தோரோங் லா வழியாகப் பொக்ரா வரை

அன்னபூர்ணாவைச் சுற்றி வந்தவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வி, "எத்தனை நாளில் முடித்தீர்கள்?" என்பதுதான். ஒருவர் பதினொன்று என்றால் இன்னொருவர் ஒன்பது என்பார். இந்தப் போட்டியில் ஜெயிப்பவரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதே இல்லை. 5,416 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயைக் கடந்தாக வேண்டிய பாதையில், மிச்சம் பிடித்த ஒவ்வொரு நாளுக்கும் வட்டி கட்ட வேண்டியிருக்கும். அந்த வட்டியை வசூலிக்கும் இடமும் நேரமும் மோசமானவை: கணவாய்க்குச் சற்றுக் கீழே, விடியாத இருட்டில், மண்டையைப் பிளக்கும் வலியோடு.

நேபாளத்தின் நடுவே, மர்சியாங்டி ஆற்றை எதிர்த்து வடக்கே ஏறி, மேற்கே திரும்பி தோரோங் லா கணவாயைத் தாண்டி, காளி கண்டகி ஆற்றோடு தெற்கே இறங்கி வருவதுதான் இந்தச் சுற்று. குதிரை லாடம் போன்ற வடிவம். இரண்டு முனைகளையும் பொக்ரா நகரம் சேர்த்துவைக்கிறது. நெல்வயலும் வாழைமரமுமாகத் தொடங்கும் பாதை, ஊசியிலைக் காடுகளைக் கடந்து, புல்கூட முளைக்கத் தயங்கும் திபெத்தியச் சாயல் கொண்ட வறண்ட மேட்டுநிலத்தில் போய் நிற்கும். வெளிநாட்டு நடைப்பயணிகளுக்கு 1977இல் திறந்துவிடப்பட்ட பகுதி இது. 1950 ஜூன் 3 அன்று, எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் முதன்முதலாக மனிதன் கால்வைத்த 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணா சிகரம் சுற்றின் நடுவே நிற்கிறது. நாம் எந்தச் சிகரத்தையும் தொடப் போவதில்லை. கயிறோ பனிக்கோடரியோ தேவையில்லை. இரண்டு கால்களும் நிறைய நாட்களும் போதும்.

இன்னொன்று. கணவாய்க்கு அப்பால் இறங்கியதும் வரும் முதல் ஊர் முக்திநாத். வைணவர்கள் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று போற்றும் திவ்யதேசம் அது. தமிழ்நாட்டிலிருந்து போகும் பெரும்பாலோர் விமானமும் ஜீப்பும் ஏறி முன்வாசல் வழியாக அங்கே சேர்கிறார்கள். இந்த வழிகாட்டி பின்வாசல் வழியாக நடந்து போக நினைப்பவர்களுக்கு.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள், வங்கக்கடலைக் கவனியுங்கள்

அக்டோபர், நவம்பர் ஒரு பருவம். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முடிய இன்னொன்று. மழைக்காலத்தில் கணவாயின் இருபுறமும் உள்ள மானாங், முஸ்தாங் பக்கம் மழைமறைவு என்பதால் ஓரளவு வறண்டிருக்கும். ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டிய கீழ்ப் பள்ளத்தாக்கு முழுவதும் மண்சரிவும் அட்டையும்தான். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பனி விழுந்து கணவாய் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அக்டோபர் கடைசி வாரத்தில் நடையைத் தொடங்குவது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். நவம்பர் நடுவில் கூட்டம் குறையும், குளிர் கூடும்.

சீசனின் உச்சம் என்பதற்காக ஏமாந்துவிடக் கூடாது. 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் அன்னபூர்ணா பகுதியில் பனிப்புயலாக இறங்கியது. வெளிநாட்டு நடைப்பயணிகள், வழிகாட்டிகள், சுமையாட்கள், உள்ளூர்க்காரர்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணவாயிலிருந்து இறங்கும்போது பனியில் வழி தெரியாமல் போனவர்கள் அவர்களில் பலர். ஆகவே கணவாய்க்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே வானிலை அறிக்கையைப் பாருங்கள். நேபாள வானிலையை மட்டும் பார்த்தால் போதாது. வங்கக்கடலில் ஒரு புயல் சின்னம் உருவாகி ஒடிசா, ஆந்திரக் கரையை நோக்கி நகர்கிறது என்றால், மானாங்கிலேயே உட்கார்ந்து சீட்டாடுங்கள். அக்டோபரில் வங்கக்கடலைப் பார்க்கும் பழக்கம் நமக்கு எப்படியும் உண்டு.

இரண்டாம் படி: இரவுகளின் பட்டியலை எழுதுங்கள்

திட்டம் என்றால் பலரும் வரைபடத்தில் தூரத்தை அளந்து, ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று வகுக்கிறார்கள். இந்தப் பாதையில் அந்தக் கணக்கு உதவாது. ஒரு தாளில் இரவுகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் தூங்கும் ஊரின் உயரத்தை எழுதுங்கள். மருத்துவர்கள் சொல்லும் வாய்ப்பாடு எளிது: 3,000 மீட்டருக்கு மேல், நேற்றுத் தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு. பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் குற்றமில்லை, அது நல்லதும்கூட.

நான் பரிந்துரைக்கும் பட்டியல் இது. உயரங்கள் வரைபடத்துக்கு வரைபடம் ஐம்பது, அறுபது மீட்டர் மாறும்.

1. தாராபானி – 1,860
2. சாமே – 2,670
3. மேல் பிசாங் – 3,310
4. ஙவல் – 3,680
5. மானாங் – 3,540
6. மானாங், ஓய்வு
7. ஸ்ரீ கர்கா – 4,060
8. திலிச்சோ அடிமுகாம் – 4,150
9. திலிச்சோ ஏரி பார்த்துத் திரும்பி ஸ்ரீ கர்கா
10. யாக் கர்கா – 4,050
11. தோரோங் பேடி – ஏறக்குறைய 4,500
12. கணவாய் கடந்து முக்திநாத் – 3,760
13. காக்பேனி – 2,800
14. மார்பா – 2,670

இதற்கு மேல் கீழ்ப்பகுதிக்கு நான்கு நாள், எதிர்பாராததற்கு இரண்டு நாள். ஆக இருபது. பொக்ராவுக்குப் போய்வரும் பயணம் தனி. திலிச்சோவை விட்டுவிட்டால் மூன்று இரவு குறையும். அதில் ஒன்றை மானாங்குக்கே கொடுத்துவிடுங்கள்.

பட்டியலைப் பார்த்ததும் எழும் ஆசை, முதல் நான்கு வரிகளை அடித்துவிட்டு ஜீப்பில் மானாங் வரை போய்விடலாம் என்பது. பாதை இருக்கிறது, ஜீப்பும் போகிறது. சுற்று தொடங்கும் பெசிசஹர் 760 மீட்டர். அங்கே காலையில் ஏறி மாலையில் 3,540 மீட்டரில் இறங்கினால், உடம்புக்கு என்ன நடந்தது என்றே புரியாது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், இலங்கையின் பிதுருதாலகால 2,524. நம் ஊர்களில் எந்தச் சிகரத்தின் உச்சியில் தூங்கினாலும் சாமே என்ற இந்தச் சாதாரணக் கடைத்தெருவின் உயரத்தை எட்ட முடியாது. உயரத்துக்கு உடம்பைப் பழக்குவதற்கு ஊரில் வழியில்லை, வழியில்தான் பழக்கவேண்டும். ஜீப்பைத் தாராபானி வரை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சாலையில் புழுதி தின்று நடப்பதில் பெரிய இன்பமில்லை என்பது என் கருத்து.

இன்னொரு சலனம் தோரோங் பேடியில் வரும். அதற்கு மேலே 4,880 மீட்டரில் மேல்முகாம் என்று ஒரு தங்குமிடம் உண்டு. அங்கே தூங்கினால் கணவாய் நாளில் செங்குத்தான ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்பார்கள். யாக் கர்காவிலிருந்து ஒரே தாவலில் அங்கே போனால் 830 மீட்டர். வாய்ப்பாட்டை மறுபடி பாருங்கள். திலிச்சோ போய்வந்து நன்றாகப் பழகிய உடம்புக்கு வேண்டுமானால் சரி. மற்றவர்கள் பேடியில் தூங்குவதே மேல்.

சுற்றுப்பாதைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. போன வழியே திரும்பும் நடையில், எங்கே சோர்ந்தாலும் வழி தெரிந்த வழி. இங்கே கணவாய்க்கு முன்னால் யாருக்காவது முடியவில்லையென்றால் பின்னால்தான் போக வேண்டும். கணவாயைத் தாண்டிவிட்டால் முன்னால்தான். ஆகவே பட்டியலின் ஓரத்தில் வெளியேறும் ஊர்களைக் குறித்துவையுங்கள்: கணவாய்க்கு இந்தப் புறம் சாமேயும் மானாங்கும், ஜீப் கிடைக்கும், அந்தப் புறம் முக்திநாத்தும் ஜோம்சோமும். பேடியிலிருந்து மானாங்குக்கு இறங்குவது ஒரே நாள் வேலைதான். இதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற பேச்சு எழாது.

மூன்றாம் படி: காகிதம், பணம், வழிகாட்டி

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போவதானால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 15 முதல் 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆதார் அட்டை செல்லாது. இதைத் தெரியாமல் விமான நிலையத்தில் விழிக்கும் ஒரு குடும்பத்தையாவது ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். இலங்கைக் குடிமக்களுக்கு ஆண்டின் முதல் வருகையில் 30 நாள் விசா கட்டணமில்லாமல் கிடைக்கும்.

அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி 7,629 சதுர கிலோமீட்டர் பரப்பு. நேபாளத்திலேயே பெரிய காப்புப் பகுதி. உள்ளே போக அனுமதிச் சீட்டு கட்டாயம். சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. இதோடு நடைப்பயணிகளுக்கான பதிவு அட்டையும் வாங்க வேண்டும். காத்மாண்டு, பொக்ரா இரண்டு ஊரிலும் ஒரே காலையில் இரண்டையும் முடித்துவிடலாம். பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நான்கைந்து கையில் இருக்கட்டும்.

2023 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டு நடைப்பயணிகள் பதிவுபெற்ற வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்பது நேபாளச் சுற்றுலா வாரியத்தின் விதி. விதி இல்லாவிட்டாலும் நான் வைத்துக்கொள்வேன். பாதையைக் கண்டுபிடிக்க அவர் வேண்டும் என்பதில்லை; பாதை பழகியவர்கள் அடித்த சிவப்பு வெள்ளைக் கோடு பாறைகளிலும் மரங்களிலும் கூடவே வரும், கிளைப்பாதைகளுக்கு நீல வெள்ளை. தலைவலியை மறைக்கும் உங்கள் முகத்தைப் பார்த்து, "இன்று இங்கேயே தங்குவோம்" என்று சொல்ல வெளியாள் ஒருவர் வேண்டும். அமர்த்தும்போது மூன்று கேளுங்கள்: கணவாயை எத்தனை முறை கடந்திருக்கிறார், அவருக்கும் சுமையாளுக்கும் காப்பீடு இருக்கிறதா, சுமையாளிடம் நல்ல காலணியும் கையுறையும் உண்டா. மூன்றாவதைக் கேட்பதோடு நிற்காமல் கண்ணால் பாருங்கள். நம் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ரப்பர் செருப்போடு பனியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நடப்பது நல்ல அனுபவமல்ல.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். மலைக்குள் பண இயந்திரத்தை நம்பாதீர்கள். ஜோம்சோம் வரை தேவையான முழுப் பணத்தையும் நேபாள நோட்டாகவே பொக்ராவில் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அறை வாடகை மலிவு. அதற்குப் பதிலாக இரவும் காலையும் அந்த விடுதியிலேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். உயரம் ஏற ஏற விலையும் ஏறும். எல்லாம் கழுதை முதுகிலோ மனித முதுகிலோ வந்தது என்பதை நினைத்துக்கொண்டால் பேரம் பேசத் தோன்றாது.

காப்பீடு எடுக்கும்போது இரண்டு வரிகளைத் தேடுங்கள்: எந்த உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா. பல பாலிசிகள் 3,000 அல்லது 4,000 மீட்டரோடு கைகழுவிவிடும். 6,000 மீட்டர் வரை செல்லும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நான்காம் படி: இறங்கப் பழகுங்கள்

மூன்று மாதம் போதும். வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேர வேக நடை. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுக் கிலோ பையோடு நீண்ட நடை. கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பருவத்தில் வெள்ளியங்கிரி, திருவண்ணாமலைப் பக்கம் பர்வதமலை. மலை அருகில் இல்லாதவர்களுக்கு அடுக்குமாடிப் படிக்கட்டு.

எல்லோரும் ஏறத்தான் பயிற்சி செய்கிறார்கள். ஆனால் முழங்காலைக் கெடுப்பது இறக்கம். கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் 1,600 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும், அதுவும் சரளைக்கல்லில். அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்து ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குவது நம் வழக்கம்; நீங்கள் படியிலேயே இறங்கியும் வாருங்கள். மறுநாள் தொடை பேசும் பேச்சு, எங்கே பயிற்சி போதவில்லை என்று சொல்லிவிடும்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் "மலைக்குப் போகிறேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், "4,500 மீட்டரில் தூங்கி 5,400 மீட்டரைக் கடக்கப் போகிறேன்" என்று எண்ணோடு சொல்லுங்கள். ஊட்டி என்று அவர் நினைத்துவிடக் கூடாது. உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றியும் அப்போதே கேளுங்கள். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீர் அடிக்கடி போகும், விரல்நுனி குறுகுறுக்கும், பயப்பட வேண்டாம்.

ஐந்தாம் படி: பை

ஊரில் வாங்க வேண்டியது காலணி ஒன்றுதான். அதைக் குறைந்தது நூறு கிலோமீட்டர் போட்டு நடந்து பழக்குங்கள். அரை அளவு பெரியதாக வாங்குங்கள். இறக்கத்தில் பெருவிரல் நகம் முன்னால் மோதாமல் இருக்கும். இறகு ஜாக்கெட், மைனஸ் பத்து டிகிரி தாங்கும் உறக்கப்பை, ஊன்றுகோல் எல்லாமே பொக்ரா ஏரிக்கரைக் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். சுற்று அங்கேதான் முடிகிறது என்பதால் திருப்பிக் கொடுப்பதும் சுலபம். காலணியின் அடியில் மாட்டும் பல்சங்கிலி ஒரு ஜோடி அவசியம். மிதிபட்டுக் கண்ணாடியாகிவிட்ட பனியில் நம் ஊர்க்காரர்கள் யாரும் நடந்து பழகியிருக்க மாட்டோம்.

உடை அடுக்கடுக்காக: வியர்வையை உலரவிடும் உள்ளாடை, கம்பளி அல்லது ஃபிலீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று. பருத்தி பனியனையும் ஜீன்ஸையும் பொக்ராவில் விட்டுவிடுங்கள். ஈரமானால் பருத்தி அந்த உயரத்தில் எதிரி. கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்களிம்பு, தலைவிளக்கு, மாற்றுப் பாட்டரி. பாட்டரிகளையும் கைபேசியையும் இரவில் உறக்கப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்; குளிரில் அவை செத்துவிடும். எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோவைத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் எடுத்திருக்கிறீர்கள்.

அந்தப் பத்துக் கிலோவில் எனக்கென்று ஒரு சலுகை உண்டு: இருநூறு கிராம் பருப்புப் பொடி. நேபாளத்துச் சோறும் பருப்பும் நல்ல உணவு. ஒரு தட்டுக்குப் பணம் கொடுத்தால் சோறு, பருப்பு, காய் மறுபடி மறுபடி வரும். சைவர்களுக்குக் கவலையே இல்லை. ஆனால் பத்தாவது நாள், பசியே எடுக்காத உயரத்தில், அந்தப் பொடியின் பெருங்காய வாசனைதான் என்னை இரண்டாவது கவளம் உண்ணவைத்தது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, டீயும் நாம் நினைக்கும் சூட்டுக்கு வராது. கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள்.

குடிநீருக்குப் பாட்டில் வாங்க வேண்டாம். பாதுகாப்புப் பகுதியினர் பல ஊர்களில் சுத்திகரித்த நீர் நிலையம் வைத்திருக்கிறார்கள். இல்லாத இடத்துக்குக் குளோரின் மாத்திரை.

ஆறாம் படி: மானாங் வரை

வரைபடத்தில் ஊர்ப்பெயர்களைப் படிக்க நாலு சொல் தெரிந்தால் போதும். 'லா' கணவாய், 'பேடி' மலையடிவாரம், 'கர்கா' மேய்ச்சல் நிலம், 'தாதோ பானி' சுடுதண்ணீர். பெயரே பாதையைச் சொல்லிவிடும்.

பிசாங்கில் பாதை இரண்டாகப் பிரியும். கீழே ஆற்றோரமாகச் சாலை சமதளத்தில் போகும். மேலே கியாரு என்ற ஊருக்கு ஒரு கொடிய ஏற்றம். மேலேயே போங்கள். வளைந்து வளைந்து ஏறும் அந்த நானூறு மீட்டரில் பத்தடிக்கு ஒருமுறை நின்றாக வேண்டும். நின்று திரும்பினால் எதிரே 7,937 மீட்டர் உயர இரண்டாம் அன்னபூர்ணா அடியிலிருந்து முடிவரை முழுசாக நிற்கும். பார்வைக்காக மட்டும் சொல்லவில்லை. 3,730 மீட்டருக்கு ஏறி, 3,680இல் தூங்கி, மறுநாள் 3,540இல் இருக்கும் மானாங்குக்கு இறங்குகிறோம். சாலை வழியே நேராக மானாங் வந்தவர்களைவிட ஒரு படி முன்னால் இருப்போம்.

மானாங்கில் ஓய்வு நாள் என்றால் போர்வைக்குள் கிடப்பதல்ல. காலையில் கங்காபூர்ணா ஏரிக்கு மேலே உள்ள மேட்டுக்கு ஏறி இறங்குங்கள். உடம்பு நன்றாக இருந்தால் 4,600 மீட்டரில் உள்ள பனி ஏரிக்குப் போய் வாருங்கள். பருவ காலத்தில் இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இங்கே இயங்குகிறது. பிற்பகலில் அங்கே மருத்துவர்கள் உயர நோய் பற்றிப் பேசுவார்கள். போய் உட்காருங்கள்; இந்த வழிகாட்டியைவிட அந்த ஒரு மணி நேரம் பெறுமதியானது.

சுருக்கம் இதுதான். தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி சேர்ந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நடந்ததால் என்று சமாதானம் சொல்லாதீர்கள். அதோடு மேலே ஏறாதீர்கள். தங்கிச் சரியானால் தொடரலாம், மோசமானால் இறங்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரல்நுனியும் தொட நடக்கச் சொல்லுங்கள். குடித்தவரைப் போல் தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், ஈரமான இருமல் வந்தால், நுரையீரலில். இரண்டுமே உயிரைக் குடிப்பவை. நள்ளிரவானாலும் அப்போதே துணையோடு கீழே இறக்க வேண்டும். மதுவும் தூக்கமாத்திரையும் ஊர் திரும்பும் வரை வேண்டாம்.

திலிச்சோ ஏரி 4,919 மீட்டரில். ஸ்ரீ கர்காவுக்கும் அடிமுகாமுக்கும் நடுவே ஒரு நீண்ட சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். ஒரு காலடி அகலப் பாதை, மேலிருந்து கல் உருளும் இடம். வெயில் ஏறிக் காற்றும் கிளம்பிவிட்டால் கற்கள் தளரும். அதனால் காலையிலேயே கடந்துவிடுங்கள், நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். ஏரியைப் பார்க்க எந்தக் காரணமும் தேவையில்லைதான். கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அங்கே போய்வந்த உடம்புக்குக் கணவாய் பாதி அச்சம்தான்.

ஏழாம் படி: கணவாய் நாள்

பேடியில் மாலையிலேயே பையைக் கட்டி, சாப்பாட்டுக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். மூன்று மணிக்கே கிளம்பும் கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு. அவர்கள் கடுங்குளிரில் விரல் மரத்துப்போய் ஏறி, வெளிச்சத்துக்காக ஏங்குவார்கள். நான்கரை மணி சரியான நேரம். காலை பத்து மணிக்குமேல் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும். அதற்குள் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் இலக்கு.

தண்ணீர்ப் புட்டியைப் பையில் தலைகீழாகச் செருகுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். தலைகீழாக இருந்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் பிடித்து, வாய் திறந்தே இருக்கும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சுமையாள். உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப்பையோடு போன நான், ஒரு மணி நேரத்தில் குழாய் கல்லாகிவிட, மீதி வழியெல்லாம் அவருடைய புட்டியில்தான் குடித்தேன்.

முதல் ஒரு மணி நேரம் தலைவிளக்கு வெளிச்சத்தில் மேல்முகாம் வரை செங்குத்து. பிறகு சாய்வு குறையும். ஆனால் மூச்சு கிடைக்காது. கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான் இங்கே காற்று. ஒரு அடிக்கு ஒரு மூச்சு என்று தாளம் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போய் நின்று இளைப்பதைவிட நிற்காமல் ஊர்வது மேல். "அதோ தெரிகிறதே, அந்த மேடுதான்" என்று நான்கு முறையாவது தோன்றும். நான்கு முறையும் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு இருக்கும். நிறம் வெளுத்த பிரார்த்தனைக் கொடிகள் குவியலாக ஆடுவதைப் பார்த்தால் மட்டும் நம்புங்கள்.

பனி கொட்ட ஆரம்பித்தால், அல்லது பத்தரை மணிக்கும் கணவாய் கண்ணில் படவில்லையென்றால், திரும்புங்கள். இந்த விதியை முந்தின மாலையே வழிகாட்டியோடு பேசி முடிவுசெய்துவிடுங்கள். அந்த உயரத்தில் மூளை விவாதத்துக்கு லாயக்கில்லை. கணவாயில் கால்மணி நேரம் போதும்.

எதிர்த்திசையில் சுற்றினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. முக்திநாத்திலிருந்து ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறி மறுபுறம் இறங்க வேண்டும். இடையில் உயரத்துக்குப் பழகத் தோதான ஊரில்லை. இடஞ்சுழியாகப் போவதற்குக் காரணம் அதுதான்.

இறக்கத்தில் ஊன்றுகோலின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் ஆகும். முக்திநாத்தில் நூற்றெட்டு நீர்த்தாரைகள் மாட்டுமுக வடிவில் கொட்டும். பக்கத்தில் ஜ்வாலாமாயி கோயிலில் பூமிக்குள்ளிருந்து வரும் வாயு சின்ன நீலச்சுடராக எரியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் தமிழ்ப் பேச்சு. கும்பகோணத்திலிருந்து வந்த யாத்திரைக் குழு. எந்த ஜீப்பில் வந்தோம் என்று ஓர் அம்மாள் விசாரித்தார். மலையைக் காட்டினோம். அவர் நம்பவில்லை; ஆனாலும் புளியோதரைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார்.

அந்தக் குழுவில் இருவர் சுவரோரமாக உட்கார்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்கள். பொக்ராவிலிருந்து விமானத்தில் 2,720 மீட்டரில் உள்ள ஜோம்சோமுக்கும், அதே காலையில் ஜீப்பில் 3,760க்கும் வந்தால் அதுதான் நடக்கும். வீட்டுப் பெரியவர்களை முக்திநாத்துக்கு அனுப்புபவர்கள் ஜோம்சோமிலோ மார்பாவிலோ ஓர் இரவு தங்கவைத்து அனுப்புங்கள்.

எட்டாம் படி: மீதிச் சுற்று

பாதிப் பேர் முக்திநாத்திலேயே பஸ் ஏறிவிடுகிறார்கள். கால் முடியாதவர்களுக்கு அது சரி. முடிந்தவர்கள் காக்பேனிக்கு நடந்து இறங்குங்கள். விடியலில் புறப்பட்டு முற்பகலுக்குள் சேர்ந்துவிட வேண்டும். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் பகல் ஏற ஏறக் காற்று தெற்கிலிருந்து கிளம்பி, மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டுமே பறப்பதும் இதனால்தான். ஆற்றுப்படுகையில் கிடக்கும் கறுப்புக் கல்லைப் பிளந்தால் சுருள் வடிவம் தெரியும். நாம் சாளக்கிராமம் என்று பூசையில் வைப்பது, இமயம் எழும்புவதற்கு முன் இங்கிருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரியின் புதைபடிவம்.

மார்பாவில் வெள்ளையடித்த சந்துகளும் ஆப்பிளும். அதற்குக் கீழே சாலை நடைப்பாதையைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டது. கலோபானி வரை மறுகரைப் பாதையில் நடந்து, பிறகு தாதோபானிக்கு பஸ் பிடியுங்கள். 8,167 மீட்டர் தௌலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவிலான பள்ளத்தாக்கு அது, ஜன்னலோரம் உட்காருங்கள். தாதோபானியின் வெந்நீர்த் தொட்டியில் ஒரு மாலை முழுக்க ஊறினால் முழங்கால் மன்னிக்கும். மறுநாள் கோரேபானிக்கு 1,650 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஒரே நாளில் வேண்டாம். நடுவழியில் ஷிகாவில் ஓர் இரவு. கோரேபானியில் விடியற்காலை பூன் ஹில் மேட்டில் ஏறினால், சுற்றி வந்த மலைகளைத் தெற்கிலிருந்து ஒருமுறை பார்த்துவிடலாம். அங்கிருந்து காட்டு வழியே படிகளில் இறங்கினால் நயாபுல். பொக்ராவுக்கு பஸ் நிற்கும்.

பொக்ராவில் வாடகை ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் உள்பைகளில் கையை விட்டுப் பாருங்கள். என்னுடையதில் அனுமதிச் சீட்டு, ஈரமான நூறு ரூபாய் நோட்டு இரண்டு, கொஞ்சம் பருப்புப் பொடி.